முதியோர் பராமரிப்பின் பலனை எதை வைத்து அளப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சங்கத்தின் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. கோயில் மண்டபத்தில் வாரம் மூன்று நாள் மூத்தோருக்கான பகல்நேர நிலையம் நடத்துகிறார்கள். சுமார் 40 பேர் வருகிறார்கள். பாதிப்பேர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள், சிலர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். உடற்பயிற்சி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, மதியச் சாப்பாடு, கொஞ்சம் பஜனை. நிதி கொடுக்கும் நிறுவனம் இப்போது “இதனால் என்ன பலன்?” என்று எழுத்தில் கேட்கிறது. “எங்களிடம் வருகைப் பதிவேடும் படங்களும்தான் இருக்கின்றன. மருத்துவர் கிடையாது, பெரிய கருவி கிடையாது. எதை அளப்பது, எப்படி அளப்பது?”

நான் கோலாலம்பூரில் முதியோரோடு வேலை செய்யும் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்). இந்தக் கேள்வியை இங்கே யாராவது கேட்க மாட்டார்களா என்று வெகுநாளாகக் காத்திருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருகைப் பதிவேடு. அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அது நீங்கள் செய்த வேலையின் கணக்கு, பாட்டிக்கு என்ன ஆனது என்பதன் கணக்கு அல்ல. அவேடிஸ் டோனபேடியன் என்ற மருத்துவர் 1966-இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்தோம், செய்ததால் மனிதருக்கு என்ன ஆனது. மண்டபம், நாற்காலி, தொண்டூழியர் முதல் வகை. எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனை பேருக்கு அழுத்தம் பார்த்தோம் என்பது இரண்டாவது. நிறுவனம் கேட்பது மூன்றாவதை. நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் இல்லாமல் போவதும் இந்த மூன்றாவதுதான்.

சரி, ‘என்ன ஆனது’ என்று எதைச் சொல்வது? நோய் குறைந்ததையா? உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட முதுமை பற்றிய அறிக்கை இதில் ஒரு தெளிவான நிலை எடுத்தது. ஒருவர் தனக்கு முக்கியமானதைச் செய்ய முடிகிற திறனை வளர்த்துக்கொள்வதும் காத்துக்கொள்வதும்தான் ஆரோக்கியமான முதுமை என்றது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஆரோக்கிய முதுமைக்கான பத்தாண்டு என ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் இந்த அடிப்படையில்தான். 78 வயது பாட்டி ஒருவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), முட்டித் தேய்மானம், இரண்டும் உண்டு. ஆனாலும் காலையில் பசாருக்குத் தானே போய் மீன் பேரம் பேசி வாங்கி வருகிறார். இன்னொருவருக்கு இரத்தப் பரிசோதனை முழுக்கச் சுத்தம், ஆனால் கணவர் போனதிலிருந்து பிளாட்டை விட்டுக் கீழே இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் நலமாக இருக்கிறார். உங்கள் அளவுகோல் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

ஆகவே முதல் அளவை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, “இப்போது செய்ய முடியாமல் இருக்கிற எதைத் திரும்பச் செய்ய ஆசை? இப்போது செய்வதில் எதை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். முதல் பதில் அநேகமாக “எனக்கென்னப்பா ஆசை, கையும் காலும் ஓடினால் போதும்” என்றுதான் வரும். அங்கே எழுந்துவிடாதீர்கள். கையும் காலும் ஓடினால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். அப்புறம்தான் உண்மையானது வரும்: வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போக வேண்டும், பேரனைக் கிண்டர்கார்டன் வாசலில் போய் அழைத்து வர வேண்டும், குளிக்கும்போது மருமகள் கதவுக்கு வெளியே நிற்காமல் இருக்க வேண்டும்.

இதை எண்ணாக மாற்ற 1968-லிருந்தே ஒரு முறை இருக்கிறது. கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் மனநலச் சேவைக்காக உருவாக்கினார்கள். இப்போது மறுவாழ்வு சிகிச்சையில் பரவலாகப் பயன்படுகிறது. இலக்கை ஐந்து படியாக எழுத வேண்டும், மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை. எதிர்பார்க்கும் முன்னேற்றம் பூஜ்யம். கோயிலுக்குப் போக விரும்பும் பாட்டியை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார். அது மைனஸ் 1. தடி ஊன்றிக்கொண்டு, மகள் பக்கத்தில் வர, பிடிக்காமல் நடந்தால் பூஜ்யம். தடியோடு தனியாகப் போனால் பிளஸ் 1. தனியாகப் போய், திரும்பும் வழியில் பூவும் காய்கறியும் வாங்கி வந்தால் பிளஸ் 2. மைனஸ் 2 என்பது கோயிலுக்கே போக முடியாமல் வீட்டோடு இருந்துவிடுவது. இன்றைய நிலையை மைனஸ் 2-இல் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. முதியோருக்கு அப்படி வைக்காதீர்கள். நிலைமை இறங்கினால் அதைக் குறிக்க இடமே இருக்காது, அறிக்கையில் எல்லாரும் ஒன்று முன்னேறியவராகவோ அப்படியே இருப்பவராகவோ மட்டும் தெரிவார்கள்.

இலக்கை எழுதும்போது படி தெளிவாக இருக்க வேண்டும். “நன்றாக நடப்பார்” என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அது நடந்ததா இல்லையா என்று இரண்டு தொண்டூழியர் சண்டை போடுவார்கள். “தடியோடு, வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரை, வழியில் ஒரு முறைக்கு மேல் உட்காராமல்” என்று எழுதினால் சண்டை இல்லை. ஒருவருக்கு இரண்டு இலக்கு போதும்.

இதைத் தவிர எல்லாருக்கும் பொதுவான சில அளவுகள் தேவை. இல்லாவிட்டால் 40 பேருக்கும் 40 கதைதான் இருக்கும். பணமில்லாமல் செய்யக்கூடியவற்றில் நான் முதலில் வைப்பது நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘ஐகோப்’ என்ற முதியோர் பராமரிப்பு வழிகாட்டியிலும் நடமாட்டத்துக்கான முதல் சோதனை இதுதான்: கையைப் பயன்படுத்தாமல் 14 வினாடிக்குள் ஐந்து முறை எழ முடிகிறதா?

இந்த ஒரு சோதனையை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மண்டபங்களில் இது கெட்டுப்போகிற விதம் எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். எழும்போது அதன் கால் விரிந்து கொடுக்கும், ஆளும் பயந்துவிடுவார். கைப்பிடி இல்லாத, உறுதியான இரும்பு நாற்காலி ஒன்றை எடுத்து முதுகுப்பக்கம் சுவரோடு சேர்த்து வையுங்கள். உட்காரும் உயரம் 43 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அடியில் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு, அடுத்த முறையும் அதே நாற்காலியைத்தான் எடுக்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தாலே முட்டிவலி உள்ளவருக்கு நேரம் கூடிவிடும். சேலை கட்டியவர்களுக்குக் கொசுவம் காலடியில் சிக்காதபடி சொருகிக்கொள்ளச் சொல்லுங்கள். வழுக்கும் செருப்பு வேண்டாம். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஒரு முறை எழுந்து பார்க்கட்டும். முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி “கை ஊன்றாமல் எழ முடியவில்லை” என்று எழுதுங்கள், அதுவும் ஓர் அளவுதான். முடிந்தால் “ஆரம்பிங்க” என்றதும் கடிகாரத்தை அழுத்தி, ஐந்தாவது முறை நேராக நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். ஒருவர் பக்கத்தில் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பேர் கைதட்டி உற்சாகப்படுத்தக் கூடாது. அடுத்த முறை கைதட்ட ஆள் இல்லாவிட்டால் எண் மாறிவிடும்.

அடுத்தது நடை வேகம். தரையில் 4 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள். வழக்கமாக நடக்கிற வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் எடுங்கள். 5 வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர், 4 வினாடி ஆனால் 1.0. எளிமையாகத் தோன்றும் இந்த எண்ணுக்கு நிறைய எடை உண்டு. 2011-இல் ஒன்பது நீண்டகால ஆய்வுகளிலிருந்து 34,485 முதியோரின் தரவுகளை ஒன்றாகப் பார்த்தபோது, நடை வேகம் கூடக்கூட வாழும் வாய்ப்பும் கூடியது தெரிந்தது. ஆசியர்களுக்கான தசைத்தேய்வு ஆய்வுக் குழு 2019-இல் வினாடிக்கு 1.0 மீட்டருக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்றது. பல நாடுகளில் சாலை விளக்கில் பாதசாரி கடக்கும் நேரத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்ற கணக்கில்தான் வைக்கிறார்கள். ஜாலான் ஈப்போவில் உங்கள் தாத்தாக்கள் ஏன் பாதிச் சாலையில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நடை வேகத்தில் வினாடிக்கு 0.05 மீட்டர் மாறினால் சிறிய, ஆனால் பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்றும், 0.1 மாறினால் நல்ல மாற்றம் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 5 வினாடி நடைக்கு நீங்கள் கடிகாரத்தை அரை வினாடி தாமதமாக நிறுத்தினாலே 0.8 என்பது 0.73 ஆகிவிடுகிறது. உங்கள் கைப்பிழையே சிறிய மாற்றத்தைவிடப் பெரியது! ஆகவே இரண்டு முறை நடக்கச் சொல்லி, குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அளந்தவரே அடுத்த முறையும் அளக்கட்டும். தொண்டூழியர்களுக்கு ஒரு மாலை முழுக்க ஒருவரையொருவர் அளந்து பழக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

நாற்காலி, நடை, இவற்றோடு காலை ஒட்டி வைத்தும், ஒரு காலைப் பாதி முன்னே வைத்தும், ஒன்றின் முன் ஒன்றாக வைத்தும் பத்து பத்து வினாடி நிற்கும் சமநிலைச் சோதனையையும் சேர்த்தால், 12 மதிப்பெண்ணுக்கான எஸ்.பி.பி.பி. என்ற தொகுப்பு கிடைக்கும். அதில் ஒரு மதிப்பெண் கூடினாலோ குறைந்தாலோ பெரிய மாற்றம். பிசியோ ஒருவர் மாதம் ஒரு முறை வந்து போக முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டே போதும்.

நினைவாற்றலும் மனநிலையும் அடுத்து. இதில் நம் மக்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் ஒன்று உண்டு. பரவலாகப் பயன்படும் 30 மதிப்பெண் நினைவுச் சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பத்து வயதில் பால்மரம் வெட்டப் போன பாட்டிக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. அதற்காக அவருக்கு மறதி நோய் என்று எழுதிவிடக் கூடாது. 2018-இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய்க்கான அறிகுறி இருந்தது. அந்தக் கணக்கெடுப்புக்கு, படிப்பு குறைந்தவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட சோதனை ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஐகோப் முறையில் மூன்று வார்த்தையைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்கள்: பூ, கதவு, அரிசி. பிறகு இன்று என்ன தேதி, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்டுவிட்டு, அந்த மூன்றையும் திரும்பக் கேட்பார்கள். தமிழில் பேசுபவரிடம் தமிழிலேயே கேளுங்கள், அடுத்த தடவை வேறு மூன்று வார்த்தை கொடுங்கள். இது வடிகட்டுவதற்கான சோதனை மட்டுமே. தடுமாறுபவரைக் கிளினிக்குக்கு அனுப்புவதற்குத்தான் இது பயன்படும். “எங்கள் நிலையத்தால் நினைவாற்றல் கூடியது” என்று அறிக்கையில் எழுத இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மனநிலைக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் மனம் சந்தோஷமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, தூங்கி எழுந்தால் புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாடம் பிடித்த விஷயங்கள் இருந்தனவா என்பவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தத்தை நான்கால் பெருக்கினால் நூறுக்கு இத்தனை என்று வரும். 50-உம் அதற்குக் கீழேயும் வந்தால் அக்கறையோடு பேசிப் பார்க்க வேண்டும்.

யார் கேட்கிறார்கள் என்பது இதில் மிக முக்கியம். சாப்பாடு பரிமாறும் அக்காவே தாளோடு வந்து “இங்கே வந்ததிலிருந்து சந்தோஷமாக இருக்கீங்களா பாட்டி?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? நம் பெரியவர்கள் சோறு போட்டவர் முகம் வாடும்படி பேச மாட்டார்கள். வீட்டில் கேட்டால் மருமகள் பக்கத்தில் நிற்பார், எல்லாவற்றுக்கும் “நல்லாத்தான் இருக்கேன்” என்பதுதான் பதில். அதனால் கேள்வி கேட்பதற்கென்று அன்றாட வேலையில் இல்லாத ஒருவரை வையுங்கள். கல்லூரி மாணவர்கள் பொருத்தமானவர்கள். தனி அறை கிடைக்காவிட்டால் மண்டபத்தின் ஒரு மூலையாவது இருக்கட்டும். பெண்களிடம் பெண்ணே கேட்கட்டும், முக்கியமாகக் குளியல், கழிவறை, சிறுநீர் அடக்க முடியாமை பற்றிய கேள்விகளை.

அந்தக் கேள்விகளைத் தவிர்க்கக் கூடாது. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது என்று ஆறு வேலைகளைத் தானே செய்கிறாரா என்று பார்க்கும் பட்டியல் 1963-லிருந்து இருக்கிறது. ஆனால் உங்கள் நிலையத்துக்கு நடந்து வருகிறவர்களில் பலர் இந்த ஆறையும் செய்துவிடுவார்கள். முதல் நாளே ஆறுக்கு ஆறு வாங்கியவருக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை. அவர்களுக்கு அடுத்த அடுக்கில் உள்ள வேலைகளைக் கேளுங்கள்: தானே மருந்து எடுத்துக்கொள்வது, பணத்தைக் கணக்குப் பார்ப்பது, சமைப்பது, போனில் பேசுவது, எல்.ஆர்.டி. ரயில் ஏறிப் போவது. சரிவு முதலில் தெரிவது இங்கேதான். ஒரு விஷயம், ஆண்களிடம் சமையலைக் கேட்டு “முடியாது” என்று எழுதிவிடாதீர்கள். வாழ்நாளில் அடுப்படிக்கே போகாத தாத்தாவுக்கு அது முதுமையால் வந்த இழப்பு அல்ல.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் நீங்கள் ஏற்கெனவே பார்க்கிறீர்கள். தொடர்ந்து பாருங்கள். ஆனால் “குறைந்தால் வெற்றி” என்று அறிக்கையில் எழுத வேண்டாம். உடல் தளர்ந்த, பல நோய் உள்ள முதியவருக்குச் சர்க்கரையை இளையவர்களைப்போல இறுக்கிக் கட்டுப்படுத்தினால், திடீரென்று தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு. அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 8 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே தளர்த்தி வைத்திருக்கிறது. அழுத்தத்தை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்க்காமல், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அவர் மருந்துகளை மருத்துவர் திரும்பப் பார்க்க வேண்டும். எடையும் அப்படித்தான். மூன்று மாதத்தில் முயற்சி செய்யாமலே மூன்று கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால், “பாட்டி மெலிந்து அழகாகிவிட்டார்” என்று சொல்ல ஒன்றுமில்லை. அது சத்துக்குறைவின் எச்சரிக்கை.

விழுவதைப் பற்றி. நிலையங்கள் அறிக்கையில் அதிகம் காட்ட விரும்புவது இதைத்தான், அதிகம் தவறாகக் கணக்கிடுவதும் இதைத்தான். உடற்பயிற்சி விழுவதைக் குறைக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, விழும் வீதம் 23 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. ஆனால் ஆண்டு முடிவில் “போன வருஷம் எத்தனை தடவை விழுந்தீங்க?” என்று கேட்டால் எண் வராது. அடிபடாத விழுகை மறந்துபோகும். மகனுக்குத் தெரிந்தால் வெளியே விட மாட்டான் என்று மறைப்பவர்களும் உண்டு. மளிகைக் கடையில் கொடுக்கிற காலண்டர் எல்லா வீட்டிலும் இருக்கும். விழுந்த நாளில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள், மாதக் கடைசியில் அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுவரட்டும். கொண்டுவராதவருக்குப் போன் பண்ணுங்கள். 40 பேர் ஆறு மாதம் என்றால் 240 ஆள்-மாதம். அதில் 12 விழுகை என்றால் 100 ஆள்-மாதத்துக்கு 5. இப்படி எழுதினால், இடையில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் ஒப்பிட முடியும். முதல் இரண்டு மாதம் எண் ஏறும். அதுவரை சொல்லாதவர்கள் சொல்ல ஆரம்பிப்பதால் வரும் ஏற்றம் அது. பயந்துபோய்க் காலண்டரை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது. நிதி தருபவர்கள் மேலே ஏறும் கோட்டைப் பார்த்துப் பழகியவர்கள். முதியோர் பராமரிப்பில் கோடு ஏறாமல் போகலாம், ஆனாலும் பலன் பெரிதாக இருக்கலாம். 2014-இல் முடிவுகள் வெளிவந்த அமெரிக்காவின் ‘லைஃப்’ ஆய்வை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர். எல்லாருமே உட்கார்ந்தே இருக்கும் பழக்கமுள்ளவர்கள். ஒரு பாதியினருக்கு முறையான உடற்பயிற்சி, மறு பாதியினருக்கு ஆரோக்கியம் பற்றிய வகுப்புகள். சுமார் இரண்டரை ஆண்டில், 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் வகுப்புக் குழுவில் 35.5 விழுக்காடு, உடற்பயிற்சிக் குழுவில் 30.1 விழுக்காடு. அதாவது பயிற்சி செய்தவர்களிலும் பத்தில் மூன்று பேர் இழந்தார்கள். உடற்பயிற்சிக் குழுவை மட்டும் தனியாகப் பார்த்திருந்தால், “இத்தனை செலவு செய்தும் இத்தனை பேர் சரிந்துவிட்டார்களே” என்று திட்டத்தையே மூடியிருப்பார்கள். பக்கத்தில் இன்னொரு குழு இருந்ததால்தான் பலன் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே 80 வயதுத் தாத்தா ஓர் ஆண்டு கழித்து அதே 0.8 வேகத்தில் நடந்தால், அதை “மாற்றமில்லை” என்று எழுதாதீர்கள். “காத்துக்கொண்டார்” என்று எழுதுங்கள். நிறுவனத்துக்கு இதை முதல் சந்திப்பிலேயே விளக்கிவிட வேண்டும். கடைசியில் விளக்கினால் சாக்குச் சொல்வதுபோல ஆகிவிடும்.

ஒப்பிட உங்களுக்கு இரண்டாவது குழு வேண்டுமே? இடமில்லாமல் காத்திருப்போர் பட்டியல் இருந்தால், அவர்களையும் சேர வரும் நாளிலேயே அளந்துவிடுங்கள்; இடம் கிடைக்கும்போது மறுபடி அளந்தால், நிலையம் இல்லாத மாதங்களில் என்ன ஆகிறது என்பது கிடைத்துவிடும். பட்டியல் இல்லாவிட்டால், புதிதாக வருபவரைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டாவதைத் தொடக்கமாக வையுங்கள். முதல் முறை கூச்சத்தாலும் பழக்கமின்மையாலும் எண் மோசமாக வரும்; அதைத் தொடக்கமாக வைத்தால் நீங்கள் எதுவும் செய்யாமலே முன்னேற்றம் வந்துவிடும். டெங்கியிலோ அறுவை சிகிச்சையிலோ படுத்து எழுந்த கையோடு சேர்பவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவர்கள் வீட்டில் இருந்தாலும் ஓரளவு தேறியிருப்பார்கள். தைப்பூசத்துக்கு மறுவாரம் அளக்க வேண்டாம், பத்துமலையின் 272 படியை ஏறி இறங்கிய முட்டிகள் உண்மையைச் சொல்லாது.

நின்றுபோனவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 40 பேரில் தொடங்கி ஆண்டு முடிவில் 28 பேர் வருகிறார்கள், அந்த 28 பேரின் சராசரி ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்துக்கு மதிப்பே இல்லை. தளர்ந்தவர்கள்தான் முதலில் நிற்பார்கள். மிஞ்சியவர்கள் முதலிலிருந்தே தெம்பானவர்கள். நின்ற 12 பேரின் வீட்டுக்கும் போங்கள். அங்கேயே நாற்காலிச் சோதனை செய்ய முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் காரணத்தையாவது எழுதுங்கள்: காலமானார், மருத்துவமனை, மகள் வீட்டுக்கு ஜொகூர் போய்விட்டார், லிப்ட் கெட்டுப்போய் இறங்க முடியவில்லை, வகுப்பு பிடிக்கவில்லை, அழைத்துவர ஆளில்லை. இந்தப் பட்டியல்தான் எந்தச் சராசரியையும்விட அதிகம் கற்றுக்கொடுக்கும். லிப்டும் வண்டியும்தான் காரணம் என்று தெரிந்தால், அடுத்த ஆண்டுப் பணம் உடற்பயிற்சிக் கருவிக்குப் போகாமல் ஒரு வேனுக்குப் போகும்.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் மகளோ மருமகளோதான். வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. பாட்டி வாரம் மூன்று நாள் உங்களிடம் இருக்கும் நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்கிறார், தூங்குகிறாரா, பகுதிநேர வேலைக்குப் போக முடிந்ததா என்று கேளுங்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் என்பவரின் 22 கேள்விப் பட்டியல் உண்டு. அது அதிகம் என்றால் இரண்டு கேள்வி போதும்: கடந்த மாதம் உங்களுக்கென்று எத்தனை மணி நேரம் கிடைத்தது, இப்படியே இன்னும் ஓர் ஆண்டு தாங்க முடியுமா. பகல்நேர நிலையங்களின் பெரிய பலன் பல நேரம் இந்த வீட்டுக்காரர்களிடம்தான் இருக்கிறது; அதை அறிக்கையில் நான் பார்த்ததே அரிது.

கிளினிக்குக்கு அனுப்புவதையும் அனுப்பியதோடு நிறுத்தாதீர்கள். “கண் பார்வைக் குறைவு, 9 பேர் பரிந்துரைக்கப்பட்டனர்” என்பது செய்த வேலை. அவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனார்கள், எத்தனை பேருக்குப் புரை எடுத்தார்கள், எத்தனை பேர் இப்போது தமிழ் நாளிதழை மறுபடி படிக்கிறார்கள் என்பது வரை போனால்தான் பலன்.

அறிக்கை ஒரே பக்கம் இருக்கட்டும். மேலே தொடங்கிய 40 பேரும். அவர்களில் எத்தனை பேர் முன்னேறினார்கள், எத்தனை பேர் காத்துக்கொண்டார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன். இதை நாற்காலி, நடை, மனநிலை, சொந்த இலக்கு என்ற நான்கு வரிசையில் போடுங்கள். 40 பேருக்கு விழுக்காட்டில் எழுதாமல் ஆள் எண்ணிக்கையாகவே எழுதுங்கள். ஒரே ஒருவர் மாறினாலே இரண்டரை விழுக்காடு நகர்ந்துவிடும் இடத்தில் விழுக்காடு ஏமாற்றும். பெயரோ முகமோ தெரியும் படங்களை இந்த எண்களோடு சேர்க்காதீர்கள். யாருக்குச் சிறுநீர் அடங்கவில்லை என்பது சங்கத் தலைவருக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. அளப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள். மறுப்பவருக்கும் அதே சாப்பாடு, அதே வகுப்பு.

ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். இரண்டு பேர் கொண்ட இரண்டு குழு இருந்தால் ஒரு வாரத்தின் மூன்று நாளில் முடித்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை, பன்னிரண்டாம் மாதம் ஒரு முறை. விழுகைக் காலண்டர் மட்டும் மாதாமாதம். நிறுவனம் மூன்று மாதத்தில் அறிக்கை கேட்டால் தொடக்க அளவுகளையும் இலக்குப் பட்டியலையும் மட்டும் கொடுத்துவிட்டு, பலனுக்கான அறிக்கைக்கு 12 மாதம் தவணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலிக்குக் குறி போடுவதையும் தரையில் டேப் ஒட்டுவதையும் இந்த வாரமே செய்துவிடலாம்.